வாய்ச்சொல்லும் உறுதியும்: காணி பற்றிக் கமக்காரர் கேட்கும் சில சட்டக் கேள்விகள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் காணிக் கொடுக்கல் வாங்கல்களிற் பெரும்பகுதி வாய்ச்சொல்லிலேயே நடைபெறுகின்றது. படுவான்கரையில் வயலை வாரத்துக்குக் கொடுப்பதும், எழுவான்கரையின் மணற்பாங்கான தோட்டத்தைக் கத்தரிக்கோ மிளகாய்க்கோ ஒரு போகத்துக்குக் குத்தகையாக எடுப்பதும், சகோதரர் தமக்குள் வயலைப் பிரித்துக்கொள்வதும் ஒரு வெற்றிலைத் தட்டத்தின் முன்னே பேசி முடிக்கப்படுவன. பேசியவர் உயிருடனும் உறவுடனும் இருக்கும்வரை இதனால் தீங்கு ஏற்படுவதில்லை. அவர் காலமான பின்போ, காணியின் விலை ஏறிய பின்போ பிள்ளைகள் வரம்பில் வந்து நிற்கும்பொழுதுதான் அச்சொல்லின் வலு சோதிக்கப்படுகின்றது.

அந்நிலையிற் கமக்காரர் சட்டத்தரணியை நாடுகின்றார். ஊரில் முதியோர் இன்றும் 'பிறக்கிராசியார்' என்றும் 'அப்புக்காத்து' என்றும் இருவகையாக அழைப்பதுண்டு. அவ்வேறுபாடு 1974ஆம் ஆண்டிலேயே நீங்கிவிட்டது. இரு வகையினரும் இப்பொழுது சட்டத்தரணிகளே. எவரிடம் சென்றாலும் அவர் முதலிற் கேட்பது, "என்ன கடதாசி இருக்கின்றது? எந்தத் திகதி?" என்பதாகும். சில விடயங்களில் வாய்ச்சொல்லைச் சட்டம் அறவே ஏற்பதில்லை. வேறு சிலவற்றில் எழுத்தில்லாத பேச்சையும் முழுமையாக ஏற்றுக்கொள்கின்றது. கமக்காரர் பலர் இதனைத் தலைகீழாக எண்ணியிருத்தலே பெரும்பாலான நட்டங்களுக்குக் காரணம்.

காணியை வாங்கிப் பணமுங் கொடுத்தாயிற்று. விற்றவர் முத்திரை ஒட்டிய கடதாசியிற் கையொப்பமிட்டுத் தந்துள்ளார். அது போதாதா என்பது அடிக்கடி எழும் கேள்வி. போதாது என்பதே மறுமொழி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மோசடிகளைத் தடுப்பதற்காக இயற்றப்பட்டது, இன்றும் நடைமுறையிலுள்ளது. அதன்படி அசைவற்ற ஆதனத்தை விற்றல், நன்கொடை செய்தல், ஈடு வைத்தல் ஆகியன எழுத்திலிருத்தல் வேண்டும்; நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரு சாட்சிகள் உடனிருக்க, ஒரே வேளையிற் கையொப்பமிடப்படல் வேண்டும். கிராம அலுவலர் உறுதிப்படுத்திய கடிதமாயினும், கோயிற் தலைவர் சாட்சி வைத்த கடதாசியாயினும் உறுதியின் இடத்தைப் பெறமாட்டா. அக்கடதாசி பணம் கைமாறியதற்குச் சான்றாகலாம். காணி கைமாறியதற்குச் சான்றாகாது.

உறுதி எழுதியபின்னும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டத்தின் கீழ், ஒரே காணிக்கு ஒருவர் இரண்டு உறுதிகள் எழுதிக்கொடுத்தால், பிந்தி எழுதப்பட்டதாயினும் விலை கொடுத்து வாங்கி முந்திப் பதியப்பட்ட உறுதியே மேலோங்கும். வஞ்சனை இருந்ததாக நிரூபித்தாலன்றி இது மாறாது. உறுதியைப் பெட்டகத்துட் பூட்டி வைப்பதாற் பயனில்லை. காணிப் பதிவகத்திற் பதியப்பட்டதா என்பதை வாங்கியவர் தாமே சென்று பார்த்தல் வேண்டும். வாங்குமுன் அங்கே பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தலும் நன்று. ஒரு நாட் செலவு அது.

மரக்கறித் தோட்டக்காரர் கவனிக்கவேண்டியது குத்தகை. மேற்சொன்ன 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைகளையும் தன்னுள் அடக்குகின்றது. கத்தரி நட்டுக் காய் பறித்து முடிக்க ஒரு மாதம் போதுமா? ஆகவே பேச்சளவில் எடுத்த ஆறு மாதக் குத்தகைக்கு அந்த ஆறு மாதத்தையும் கோரும் வலு கிடையாது. கிணறு திருத்தி, எரு இட்டு, வேலி அடைத்து, காய் பிடிக்குந் தறுவாயில் உரிமையாளர் வெளியேறச் சொன்னால், செய்த செலவுக்கு ஈடு கேட்டு வழக்காடலாமேயன்றிக் குத்தகைக் காலத்தைச் சொல்லி நிலைத்து நிற்றல் கடினம். சிறு தோட்டத்துக்கு நொத்தாரிசுச் செலவு எதற்கு எனப் பலர் எண்ணுவர். பல போகங்களுக்கு எடுக்கும் தோட்டமாயின் அச்செலவு வேலிக் கம்பியின் செலவிலும் பெரிதன்று.

இனி வயற்காணி. இங்கேதான் சட்டம் எதிர்ப்புறமாகத் திரும்புகின்றது. வாரத்துக்கு வயல் செய்பவர், தம்மிடம் எழுத்தொன்றும் இல்லையென்பதால் தமக்கு உரிமையுமில்லை என நம்பி, போடியார் சொன்னவுடன் வயலை விட்டுப் போவதைப் படுவான்கரையிற் காணலாம். இந்நம்பிக்கை தவறானது. அந்நாளில் விவசாய அமைச்சராயிருந்த பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம், வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ வயலை வாரத்துக்குப் பெற்றவர் எவரும் குத்தகைக் கமக்காரரே என்று கூறியது. அச்சட்டம் பின்னர் நீங்கி, 1979ஆம் ஆண்டின் கமநல சேவைகள் சட்டமும், அதன்பின் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் வந்தன. இன்று நடைமுறையிலிருப்பது கடைசியிற் கூறியது. வாரக்காரரை உரிமையாளர் தம் விருப்பப்படி வெளியேற்றலாகாது என்னும் அடிப்படை மூன்றிலும் ஒன்றே.

ஆனால் எவர் குத்தகைக் கமக்காரர்? சட்டத்தரணி இங்கே துருவித் துருவிக் கேட்பார். உழுதல், விதைத்தல், அறுத்தல் ஆகிய மூன்றில் இரண்டையேனும் தாமோ தம் குடும்பத்தாரோ செய்திருத்தல் வேண்டும். பயிரைப் பராமரித்தலும் காவல் காத்தலும் அவருடையதாயிருத்தல் வேண்டும். விதை நெல்லும் செலவும் போடியார் கொடுக்க, அவர் சொற்படி வேலையை நடத்தி, போக முடிவிற் கூலியாக நெல் பெறும் முல்லைக்காரரின் நிலை வேறு. கூலி பெறுபவர் வேலையாள். விளைவிற் பங்கு கொடுப்பவர் குத்தகைக்காரர். மட்டக்களப்புப் பகுதியில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதாற் பல வழக்குகள் இவ்விடத்திலேயே சிக்குகின்றன. வயலைத் தாமே கொத்திய கமக்காரர், உழவு இயந்திரத்துக்குக் கொடுத்த பணத்தின் துண்டு, உரம் வாங்கிய சீட்டு, வாரம் அளந்ததற்குப் பெற்ற பற்றுச்சீட்டு ஆகியவற்றை ஒரு பையிற் போட்டு வைத்திருப்பாராயின் அவர் நிலை வலுவுடையது.

இவற்றிலும் வலிது கமநல சேவை நிலையத்திலுள்ள காணிப் பதிவேடு. வயலின் உரிமையாளர் இன்னார், செய்கைபண்ணுபவர் இன்னார் என அதிற் பதியப்படுகின்றது. எதிராக நிரூபிக்கப்படும்வரை அப்பதிவு சான்றாகக் கொள்ளப்படும். ஆகவே வாரக்காரர் தம் பெயர் அங்கே இருக்கின்றதா எனப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். உரிமையாளரின் பெயரே செய்கைக்காரரின் இடத்திலும் எழுதப்பட்டிருப்பின் திருத்தக் கோரலாம். போடியார் மனம் நோகும் என்று கூசிப் பேசாதிருப்போர் உளர். கூச்சம் இயல்பே, பதிவேட்டிலோ அது ஒரு வெற்றிடமாகவே தெரியும்.

பலவந்தமாக வயலிலிருந்து வெளியேற்றப்பட்டவர் காலந்தாழ்த்தலாகாது. கமநல அதிகாரிகளுக்கு எழுத்தில் முறையிடுவது ஒரு வழி. அமைதி குலையும் நிலையிருந்தால் பொலிசார் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி விடயத்தை நீதிமன்றில் முன்வைக்கலாம். அவ்வாறு முன்வைப்பதற்கு முந்திய இரண்டு மாதத்துள் ஒருவர் வெளியேற்றப்பட்டிருந்தால், அவரை மீள இருத்த நீதிமன்றம் கட்டளையிட முடியும். இரண்டு மாதம் என்பது விரைவிற் கழியும் காலம்; பேசித் தீர்ப்போம் எனக் கோயில் வாசலிற் காத்திருப்போர் பலர் அதனைத் தவறவிடுகின்றனர்.

"பத்து வருடம் செய்தால் காணி நமக்குச் சொந்தம்" என்பது வாவிக்கரையெங்கும் கேட்கும் பேச்சு. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்திற் பத்தாண்டு கூறப்பட்டிருப்பது உண்மை. ஆயினும் அப்பத்தாண்டும் உரிமையாளருக்கு எதிரான ஆட்சியாக, தடையின்றி, இடையறாது இருத்தல் வேண்டும். வாரம் அளந்தவர் ஒவ்வொரு அளவையிலும் மற்றவரை உரிமையாளராக ஒப்புக்கொள்கின்றார். இருபது ஆண்டானாலும் அவருக்கு ஆட்சியுரிமை பிறவாது. சகோதரரின் பங்கையும் சேர்த்துச் செய்தவருக்கும் ஆண்டு மட்டும் போதாது; மற்றப் பங்காளரை வெளிப்படையாக மறுத்து ஆண்டமை நிரூபிக்கப்படல் வேண்டும். அரச காணிக்கு இந்தப் பத்தாண்டு பொருந்தாது. போரினால் இடம்பெயர்ந்து தம் காணிக்காக வழக்காட இயலாதிருந்தோருக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது; 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அது கருத்திற் கொண்டது. அத்தகைய காணியுடையோர் திகதிகளை எழுதிக்கொண்டு சட்டத்தரணியிடம் செல்லுதல் வேண்டும். ஊர்ப் பேச்சை நம்பியிருத்தல் கூடாது.

உரிமை வழி பற்றிய கேள்விகளிற் பழைய வழக்கம் குறுக்கிடுகின்றது. முன்னாளில் இப்பகுதியில் முக்குவர் சட்டம் என்னும் தாய்வழி உரிமைமுறை நிலவியது; ஆதனம் சகோதரியின் பிள்ளைகளைச் சேர்ந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அது முடிவுற்றது. யாழ்ப்பாணத்தின் தேசவழமை இங்குள்ள தமிழருக்குப் பொருந்தாது. ஆதலால் மரணசாதனமின்றி ஒருவர் இறந்தால் அவருடைய ஆதனத்திற் பாதி கணவனுக்கு அல்லது மனைவிக்கும், மறுபாதி பிள்ளைகளுக்கும் செல்லும். ஆண் பெண் என்னும் வேறுபாடு இல்லை. காத்தான்குடி, ஏறாவூர் முதலிய இடங்களிலுள்ள முஸ்லிம் கமக்காரருக்கு 1931ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் உண்டு.

"சீதனம் வாங்கிப் போன தங்கைக்கு இனி வயலிற் பங்கு உண்டா?" என்று அண்ணன்மார் கேட்பர். உண்டு. ஆயினும் திருமணத்தின்போது பெற்றோரிடம் அவர் பெற்றதைக் கணக்கிற் சேர்த்தே பங்கிடுதல் வேண்டும். பெற்றது சிறிதாயின் எஞ்சிய பங்கு அவருக்கு வரும். வீட்டை மகளுக்குக் கொடுக்கும் வழக்கம் இவ்வூர்களில் இன்னும் உள்ளது. அது நல்ல வழக்கமே. அதை நன்கொடை உறுதியாக எழுதாது பேச்சோடு விட்டுவிடுவதுதான் தங்கைக்கும் அண்ணனுக்கும் பகையை வளர்க்கின்றது.

உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் கீழ் குடியேற்றத் திட்டங்களில் அனுமதிப்பத்திரம் பெற்ற காணிகளுக்கு மேற்கூறிய பங்கீடு பொருந்தாது. அவை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அனுமதிப்பத்திரக்காரர் தம் பின்னுரித்தாளரை நியமித்துப் பதிவு செய்தல் வேண்டும். நியமியாது இறந்தால் சட்ட அட்டவணையின் ஒழுங்கே செல்லும். அவ்வொழுங்கில் ஆண்மக்களுக்கு அளிக்கப்பட்டிருந்த முந்துரிமை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. அனுமதிப்பத்திரக் காணியை நொத்தாரிசிடம் எழுதி விற்பதாற் பயனில்லை. அத்தகைய 'உறுதி'யை வாங்குபவர் பணத்தை இழப்பார். விற்றவர் காணியையே இழக்கக்கூடும்.

கால்நடை பயிரை அழித்தாற் சுடலாமா, வெட்டலாமா என்றுங் கேட்கப்படுகின்றது. கூடாது. 1876ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறற் சட்டப்படி மாட்டைப் பிடித்து வைத்துத் தாமதமின்றிக் கிராம அலுவலருக்கு அறிவித்து, அழிவை மதிப்பிடுவித்து நட்டஈடு பெறலாம். மாட்டைக் காயப்படுத்தியவர் நட்டஈடு கேட்க வந்தவரென்ற நிலையிலிருந்து எதிரியென்ற நிலைக்கு மாறிவிடுவார். போக ஆரம்பக் கூட்டத்தில் கால்நடைகளை அப்புறப்படுத்தவும் விதைப்பை முடிக்கவும் குறிக்கும் திகதிகளையும் அறிந்து வைத்தல் வேண்டும். வட்டவிதானையின் வாயிலாக அவற்றை எழுதிப் பெற்றுக்கொண்டால் பின்னர் மாட்டுக்காரருடன் வாதாட இலகுவாகும்.

எல்லா வழக்கும் நேரே நீதிமன்றம் செல்வதில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டத்தின் கீழ் சிறு தொகைப் பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே சட்டத்தரணி எவருக்காகவும் தோன்றுவதில்லை. கமக்காரர் தாமே பேசுவார். இணக்கம் எட்டாவிடின் சபை தரும் சான்றிதழோடு வழக்கிடலாம். பணவசதியற்றோர் 1978ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தை நாடலாம். செல்லும்பொழுது உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம், வரி கட்டிய துண்டுகள், கமநலப் பதிவேட்டுப் பிரதி, இறந்தவரின் மரணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் மூலப் பிரதிகளை எடுத்துச் சென்று காட்டுதல் வேண்டும்; ஒப்படைப்பதாயின் நிழற்பிரதியை ஒப்படைத்து, மூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளல் வேண்டும்.