சார்ஜர் காட்டும் பிழை எண்: புது பாட்டரி வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

குறுவைக்காக மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. 2020, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் அதே நாளில் தண்ணீர் விடப்பட்டது. 2022-ல் மே 24-ந் தேதியே திறந்து விட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு உழவுக்குக் கிடைப்பது சில நாட்களே. தாளடி அறுவடைக்குப் பின் கோடை முழுவதும் கொட்டகையில் நின்ற டிராக்டர் அந்த நேரத்தில் கிளம்ப மறுத்தால், நாற்று முதிர்ந்து நட்டம் வருகிறது.

பாட்டரியைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு போனால், அங்குள்ள தானியங்கி சார்ஜர் மின்னேற்றம் செய்யாமல் ஓர் எழுத்தையோ எண்ணையோ காட்டி நின்று விடுகிறது. உடனே, "பாட்டரி போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று சொல்லி விடுகிறார்கள். பல சமயங்களில் பாட்டரி கெட்டிருப்பதில்லை.

எண் ஓர் அறிகுறியே

நெற்பயிர் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, வடியாத தண்ணீரா என்று பார்த்த பிறகே மருந்து தேட வேண்டும். பிழை எண்ணும் அதைப் போன்றதே. எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான எண் கிடையாது. ஒன்றில் தலைகீழ் இணைப்பைக் குறிக்கும் எண், வேறொன்றில் சூட்டைக் குறிக்கலாம். ஆகவே சார்ஜருடன் வந்த விளக்கப் புத்தகத்தைப் பத்திரப்படுத்தி, எண்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைப்பது நலம். எண் எதுவாயினும் காரணங்கள் பெரும்பாலும் கீழ்க்கண்ட ஆறில் அடங்கும்.

1. இணைப்புக் கோளாறு: முதலில் கரண்டை நிறுத்த வேண்டும். சிவப்பு கிளிப் கூட்டல் முனையிலும், கறுப்பு கிளிப் கழித்தல் முனையிலும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். சோடாத் தண்ணீர் பாட்டரிக்குள் இறங்கக் கூடாது.

2. வோல்ட் மிகக் குறைவு: 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட். சில மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் 12.6 வோல்ட் காட்டுவது முழுமையான பாட்டரி, 12.2 என்றால் பாதி, 11.8-க்குக் கீழே என்றால் காலி. மிகவும் காலியான பாட்டரியைச் சில சார்ஜர்கள் பாட்டரியாகவே கண்டு கொள்வதில்லை. அனுபவமுள்ள மெக்கானிக், பழைய சாதாரண சார்ஜரில் குறைந்த ஆம்பியரில் சிறிது நேரம் ஏற்றிய பின் தானியங்கி சார்ஜரில் மாட்டினால் அது வேலை செய்யக் கூடும். ஏற்றிய பிறகும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால் ஓர் அறை செத்திருக்கலாம்.

3. பொருந்தாத சார்ஜர்: 24 வோல்ட் அமைப்பில் வைத்து 12 வோல்ட் பாட்டரியை மாட்டினாலும் சார்ஜர் மறுக்கும். மருந்தடிக்கும் பாட்டரி தெளிப்பான்களில் ஈய-அமில வகையும் உண்டு, லித்தியம் வகையும் உண்டு. ஒன்றின் சார்ஜரை மற்றொன்றுக்குப் போடவே கூடாது.

4. நேரம் கடந்து விட்டது: ஏற்றும் ஆம்பியர், பாட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். 88 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 8 முதல் 9 ஆம்பியர். பாதி காலியான பாட்டரி நிரம்ப ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். சிறிய சார்ஜரில் பெரிய பாட்டரியை மாட்டினாலும், தட்டுகளில் ஈய சல்பேட் இறுகியிருந்தாலும் நேரம் கடந்து பிழை எண் வரும்.

5. சூடு: சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்து ஏற்றினால் சார்ஜர் தன்னைக் காத்துக் கொள்ள நின்று விடும். காற்றுத் துளைகளில் வைக்கோல் தூசி அடைத்திருந்தாலும் இதே கதிதான். ஆற விட்டு, தூசி தட்டி, நிழலில் வைக்க வேண்டும்.

6. மின்சாரக் குறைவு: 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில், பம்பு செட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி விடுவதுண்டு. அப்போது பழுது சார்ஜரிலும் இல்லை, பாட்டரியிலும் இல்லை. வோல்டேஜ் சீராக உள்ள நேரம் பார்த்து ஏற்ற வேண்டும்.

எப்போது புதிது வாங்கலாம்?

முழுதும் ஏற்றி, ஓர் இரவு வைத்திருந்து, மூடி திறக்கும் பாட்டரியானால் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் அளக்க வேண்டும். ஓர் அறை மட்டும் மற்றவற்றை விட 0.050-க்கு மேல் குறைவாகக் காட்டினால் அது தேறாது, புதிது வாங்கலாம். ஆறும் ஒன்றுபோல் குறைவாக இருந்தால் மீண்டும் ஏற்றிப் பார்ப்பதே முறை.

எச்சரிக்கை

ஏற்றும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு, காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். அருகில் பீடி, விளக்கு கூடாது. கரண்டை நிறுத்தாமல் கிளிப்பைப் பிடுங்கினால் பொறி பறக்கும். ஆசிட் கண்ணில் பட்டால் கால் மணி நேரம் நல்ல தண்ணீரால் கழுவி, டாக்டரிடம் செல்ல வேண்டும்.

வருமுன் காக்க

டிராக்டரை நிறுத்தி வைக்கும் போது கழித்தல் முனை வயரைக் கழற்றி விட வேண்டும். மாதம் ஒரு முறை பாட்டரியை ஏற்ற வேண்டும். தெளிப்பான் பாட்டரிக்கும் இது பொருந்தும். மூடி திறக்கும் பாட்டரியில் தட்டுகள் மூழ்கும் அளவு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். போர்த் தண்ணீரும் ஆகாது. கடலோரக் கடைமடையின் உப்புத் தண்ணீர் சொல்லவே வேண்டாம். குறைவது தண்ணீர்தான், ஆகவே ஆசிட் சேர்க்கக் கூடாது. சுத்தம் செய்த முனைகளில் வாசலின் தடவ வேண்டும்.

பழைய பாட்டரியின் ஆசிட்டை வாய்க்காலில் கொட்டாமல், பாட்டரியை அப்படியே கடையில் கொடுத்தால் ஈயத்துக்கு விலை கழித்துத் தருவார்கள். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ம் ஆண்டு விதிகள் தயாரிப்பாளர்களிடமே ஒப்படைத்துள்ளன.

வைகாசி பிறந்ததும் ஒரு நாள் ஒதுக்கி டிராக்டரைக் கிளப்பிப் பார்த்து விட்டால், தண்ணீர் வரும் நாளில் உழவு தடைப்படாது.