கருவுற்ற தாயும் இரத்த சோகையும்: பரேல் சொல்லும் பாடம்

நம் சங்கக் குடும்பங்களில் கருவுற்றிருக்கும் இளம்பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மாமி, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்குமாமே?" முப்பது ஆண்டுகள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். பிறக்காது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், அந்த மாத்திரையில் இரும்புடன் சேர்ந்திருக்கும் ஃபோலிக் அமிலத்தின் வரலாறு நாம் வாழும் இந்த மும்பையிலேயே தொடங்கியது. அதை அறிந்தவர்கள் மாத்திரையை நடுவில் நிறுத்த மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

பரேலுக்கு வந்த ஆய்வாளர்

பரேலில் உள்ள ஹாஃப்கின் நிலையம் பிளேக் நோய் ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அங்கு வந்து சேர்ந்தார். அந்நாளில் பம்பாயின் நூற்பாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்கள் பலர் கடுமையான இரத்த சோகையால் இறந்தனர். நுண்ணோக்கியில் பார்த்தால் அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், அளவில் பெருத்தும் இருந்தன. இரும்புச்சத்துக் குறைந்தால் அணுக்கள் சிறுத்துப்போகும். எனவே இது வேறு நோய் என்பது தெளிவு.

காரணம் கிருமியா, உணவா? வில்ஸ், சகுந்தலா தல்பாடே என்ற மருத்துவருடன் சேர்ந்து, பம்பாய்ப் பெண்களின் உணவையும் சுகாதார நிலையையும் ஆராய்ந்தார். காயும் கீரையும் பழமும் மிகக் குறைவாகக் கிடைத்த ஏழைப் பெண்களிடம் நோய் அதிகமாக இருந்தது.

1929இல் அவர் சில மாதங்கள் நம் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பணிபுரிந்தார். பம்பாய்ப் பெண்களின் உணவைப் போன்ற உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் சோகை கண்டது. ஆனால் ஒரு சிக்கல் வந்தது. எலிகளின் உடலில் இருந்த பேன்கள் வழியாகப் பரவும் பார்டோனெல்லா என்ற கிருமியும் சோகையை உண்டாக்கும். இது உணவால் வந்ததா, தொற்றால் வந்ததா என்று பிரிக்க முடியவில்லை. ஆகவே எலிகளை விட்டு, குரங்குகளை வைத்துச் சோதனைகளைத் தொடர்ந்தார்.

சோகை கண்ட குரங்குக்கு மார்மைட் கொடுத்தபோது அது வெகுவாகத் தேறியது. மார்மைட் என்பது பீர் வடிக்கப் பயன்படும் ஈஸ்டிலிருந்து எடுக்கும் கரிய நிறக் களிம்பு; விலையும் மலிவு. நோயுற்ற கர்ப்பிணிகளும் அதனால் குணமடைந்தார்கள். 1931இல் இந்த முடிவு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. அதே ஆண்டு அவர் சென்னை கோஷா மருத்துவமனையிலும் (இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை) பணியாற்றினார்.

ஈஸ்டில் இருந்த அந்தப் பொருள் 'வில்ஸ் காரணி' என அழைக்கப்பட்டது. 1941இல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. 1945இல் அதைச் செயற்கையாக உருவாக்கிய அமெரிக்க ஆய்வுக்குழுவின் தலைவர் யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்!

நாம் கற்க வேண்டியது

இரத்த சோகை என்பது ஒரே நோயன்று. இரும்புக் குறைவு, ஃபோலிக் அமிலக் குறைவு, பி12 குறைவு, மலேரியா, கொக்கிப்புழு என்று பல வழிகளில் அது வரும். எலிகளிடம் கண்டதைப் போல இரண்டு காரணங்கள் ஒன்றாகவும் சேரும். கொக்கிப்புழு குடலில் இரத்தத்தை உறிஞ்சும். மலேரியா சிவப்பணுக்களை உடைக்கும். அப்போது நல்ல சாப்பாடு மட்டும் போதாது. சைவ உணவுக்காரர்களுக்கு பி12 குறையக்கூடும். அதற்குக் கீரை ஈடாகாது, பால் தயிர் வேண்டும். ஆகவே, "கர்ப்பத்தில் களைப்பு சகஜம்தானே" என்று வீட்டிலேயே முடிவு செய்யாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது சோகை.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை இருந்தது. அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாள், பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்பட வேண்டாம். பிள்ளையின் நிறம் பெற்றோர் வழி வருவது. மாத்திரைக்கு அதில் பங்கில்லை. காபி, டீயுடன் மாத்திரை விழுங்காதீர்கள்; எலுமிச்சைச் சாறு நல்லது. கீரையையும் பருப்பையும் நெடுநேரம் வேகவைத்து, நீரைக் கொட்டிவிடாதீர்கள். ஃபோலிக் சத்து அதனுடன் போய்விடும்.

கருத்தரிக்க எண்ணும்போதே ஃபோலிக் அமிலத்தைத் தொடங்குவது நலம். சிசுவின் முதுகுத்தண்டு வளர்ச்சிக் குறைகளை அது பெரிதும் தடுக்கும் என்று 1991இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு நிறுவியது.

மும்பையில் மழைக்காலத்தில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளை மூடி வையுங்கள். மலேரியாக் கொசு அங்கேதான் முட்டையிடும். ஊரில் தோட்டம் துரவுக்குப் போகும்போது செருப்பணியுங்கள். கொக்கிப்புழு பாதத்தின் வழியே ஏறும்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஏழாம் மாதத்தில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு ரயிலேற்றுகிறோம். இங்கே பார்த்த டாக்டர் வேறு, அங்கே பார்ப்பவர் வேறு. இடையில் மாத்திரை நின்றுபோவது இந்த மாற்றத்தில்தான். புடவையும் பட்சணமும் கட்டும்போது, பரிசோதனைச் சீட்டுகளையும் இரண்டு மாதத்துக்கு வேண்டிய மாத்திரையையும் மறவாமல் கைப்பையில் வைத்து அனுப்புங்கள்.