பெல்ட் அறுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

சென்ற வாரம் பலசரக்கு வியாபாரம் செய்யும் ஒரு சகோதரர் என்னைச் சந்தித்தார். அவருடைய வேனுக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும் என்று கராஜில் சொல்லிவிட்டார்களாம். "வேன் நல்லாத்தானே ஓடுது, நானா. ஓடுற வாகனத்துக்கு எதுக்கு இவ்வளவு காசு?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். பிரேக் தேய்ந்தால் சத்தம் வரும். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நொடியில் அறும். அப்படி அறுந்த ஒரு பெல்ட்டினால் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2011ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு ஆறு நாட்கள் இருந்தன. புறக்கோட்டையில் துணி ஏற்றிக்கொண்டு கண்டி வீதியால் வந்த எனது வேன் கடுகண்ணாவை ஏற்றத்தில் நின்றுவிட்டது. நம்மவர்கள் 'டொல்பின்' என்று அழைக்கும் டொயோட்டா ஹைஏஸ், 3எல் டீசல் என்ஜின். "ஒரு சத்தமும் இல்ல நானா, அப்படியே நிண்டுட்டு" என்று சாரதி தொலைபேசியில் சொன்னார். என்ஜின் நின்றால் ஸ்டீரிங் கனத்துவிடும், இரண்டு மூன்று தடவை மிதித்தபின் பிரேக்கும் இறுகிவிடும். அந்த ஏற்றத்தில் பின்னால் வாகனங்கள் வரிசையாக வர, அவர் வேனை ஓரங்கட்டியதே பெரிய காரியம்.

வேனை வாங்கி எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. "பெல்ட் இப்பதான் போட்டது" என்று விற்றவர் சொன்னார். நான் பற்றுச்சீட்டைக் கேட்கவில்லை. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது வால்வுகள் வளைந்திருந்தன. வேன் கராஜில் பதினொரு நாட்கள் கிடந்தது. வாடகை லொறியில் சரக்கு கடைக்கு வந்து சேர இரண்டு நாட்கள் தாமதம். பெருநாளுக்கு முந்திய வாரத்தில் இரண்டு நாட்கள் என்றால் என்னவென்று துணி வியாபாரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திருத்த வேலைக்கு மட்டும், பெல்ட்டை முறையாக மாற்றியிருந்தால் ஆகும் செலவைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு போனது. லொறி வாடகையும் இழந்த வியாபாரமும் அதில் சேரவில்லை.

ஏன் இவ்வளவு சேதம்? என்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு மூடியிருக்க வேண்டும். கீழேயுள்ள கிராங்க் ஷாப்டையும் மேலேயுள்ள கேம் ஷாப்டையும் பல் வைத்த இந்த ரப்பர் பெல்ட்தான் ஒரே தாளத்தில் சுழல வைக்கிறது. 3எல் போன்ற டீசல் என்ஜின்களில் டீசல் பம்பைச் சுழற்றுவதும் இதே பெல்ட்தான். அது அறுந்தால் கேம் ஷாப்ட் நின்றுவிடும். ஆனால் வேகத்தில் இருக்கும் பிஸ்டன் நிற்காது. திறந்தபடி நிற்கும் வால்வில் போய் அடிக்கும்.

எல்லா என்ஜினும் இப்படியல்ல. டொயோட்டா 110 கொரொல்லாவில் வந்த 5ஏ பெற்றோல் என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் முட்டாது. கட்டியிழுத்துக் கொண்டுபோய்ப் புதுப் பெல்ட் போட்டால் போதும். பழைய ஹொண்டா சிவிக்கில் முட்டும். 121 கொரொல்லா, நிஸான் எப்பி15 போன்றவற்றில் பெல்ட்டே இல்லை, செயின்தான். செயினுக்கு இத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்ற தவணை கிடையாது. ஒயிலை ஒழுங்காக மாற்றி, சத்தம் வருகிறதா என்று கவனித்தால் சரி. ஆகவே உங்கள் வாகனத்தில் இருப்பது பெல்ட்டா செயினா, பெல்ட் என்றால் அறுந்தால் முட்டுமா முட்டாதா என்பதை முதலில் கேட்டறியுங்கள். முட்டாத என்ஜின் என்றால் இரண்டு மாதம் பொறுக்கலாம். முட்டும் என்ஜினை வைத்துக்கொண்டு பொறுப்பது சூதாட்டம்.

டொயோட்டாவின் அந்த டீசல் என்ஜின்களுக்குத் தவணை ஒரு இலட்சம் கிலோமீட்டர். டேஷ்போர்டில் 'டி-பெல்ட்' என்று ஒரு விளக்கும் எரியும். அந்த விளக்கை நம்பி இருப்பவர்கள் பலர். ஆனால் அது பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை, மீட்டர் ஓட்டத்தைப் பார்த்துத்தான் எரிகிறது. மீட்டரின் பின்னாலுள்ள ஒரு சிறிய திருகாணியைக் கழற்றிப் பக்கத்துத் துளையில் மாட்டினால் விளக்கு அணைந்துவிடும். பெல்ட் போட்டவரும் அதைச் செய்வார், போடாதவரும் செய்யலாம். மீட்டரே பின்னோக்கிச் சுற்றப்பட்ட வாகனத்தில் அந்த விளக்கினால் என்ன பயன்? பற்றுச்சீட்டு இல்லாத பெல்ட் மாற்றப்படாத பெல்ட் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குறைவாக ஓடிய வாகனம் என்றாலும் வருடங்கள் போனால் ரப்பர் வெடிக்கும். சீலில் ஒயில் கசிந்து பெல்ட்டில் பட்டால் தவணைக்கு முன்பே கெட்டுவிடும்.

இனி விலைக்கு வருவோம். உதிரிப்பாக விலைகள் நிலையாக இல்லை. 2022இல் ரூபா வீழ்ந்தபோது அவை எப்படி ஏறின என்பது நமக்குத் தெரியும். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததால் பழைய வேன்களே இன்றும் பலருக்குக் கை கொடுக்கின்றன. எனவே கணக்கு விளங்குவதற்காக மட்டும் ஒரு தொகையை எடுத்துக்கொள்வோம். பெல்ட், டென்ஷனர் பெயாரிங், கேம் சீல், கிராங்க் சீல், கூலி எல்லாம் சேர்த்து 60,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இலட்சம் கிலோமீட்டருக்குப் பிரித்தால் கிலோமீட்டருக்கு 60 சதம். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வேனுக்கு 1,800 ரூபா. முப்பத்து மூன்று மாதங்களில் அடுத்த பெல்ட்டின் காசு கையில் இருக்கும்.

நம்மில் அநேகர் சரக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கூலியைக் கணக்கிடும்போது டீசலையும் சாரதியின் நாட்கூலியையும் மாத்திரமே எண்ணுகிறோம். போக வர 80 கிலோமீட்டர் ஓடினால் பெல்ட்டின் பங்கு மட்டும் 48 ரூபா. டயர், ஒயில், பிரேக் ஆகியவற்றின் பங்கு தனி. அவற்றைச் சேர்க்காமல் விலை சொன்னால் வாடிக்கையாளருக்கு நம் வேனைக் கொஞ்சம் கொஞ்சமாக இனாமாகக் கொடுக்கிறோம் என்றே பொருள்.

கராஜில் மொத்தத் தொகை கேட்காதீர்கள். சாமான் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பெல்ட்டை மட்டும் மாற்றிப் பழைய டென்ஷனரை விட்டுவைத்து விலையைக் குறைப்பவர்கள் உண்டு. அந்தப் பெயாரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் போய்விடும். மறுபக்கம், தேவையில்லாததைச் சேர்ப்பவர்களும் உண்டு. வாட்டர் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட் என்றால், உதாரணமாக ஹொண்டா சிவிக்கில், இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே இலாபம். பிறகு பம்ப் ஒழுகினால் அதே கூலியை மறுபடியும் கொடுக்க நேரும். 3எல் வேனில் வாட்டர் பம்ப் வெளியேயுள்ள ஃபேன் பெல்ட்டில் சுழல்வது. ஒழுகாவிட்டால் அதைத் தொட வேண்டாம்.

பேரம் பேசுவதானால் கூலியில் பேசுங்கள், சாமானின் தரத்தில் பேசாதீர்கள். பஞ்சிகாவத்தையில் ஒரே பெல்ட்டுக்கு மூன்று விலை சொல்வார்கள். பெட்டி ஜப்பானாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். பெயர் கெடுவதற்கு அஞ்சும் கடையில், செசி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் கொடுத்து, பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள். வாங்கிய பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ விடாதீர்கள். உள்ளேயுள்ள கண்ணாடி இழை முறிந்துவிடும்.

நாளை நீங்களே தெரிவு செய்யுங்கள். பெருநாள், பாடசாலைத் தவணை ஆரம்பம், சித்திரைப் புத்தாண்டு ஆகியவற்றுக்கு முந்திய வாரங்களைத் தவிர்த்து, உங்கள் தொழிலில் கைகாய்ந்த வாரம் எதுவோ அதைக் குறியுங்கள். சாமான்களை முன்கூட்டியே வாங்கி வைத்து, என்ஜின் சூடில்லாமல் காலையிலேயே வேனை விடுங்கள். ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் ஒதுக்குவது நல்லது. பெல்ட் போட்டபின் சாவியைத் திருப்புவதற்கு முன் கிராங்க் ஷாப்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் சரியாக நிற்கின்றனவா என்று மீண்டும் பார்க்க வேண்டும். நல்ல பாஸ் சொல்லாமலே செய்வார். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். திகதியையும் மீட்டர் கணக்கையும் எழுதிப் பெல்ட் மூடியில் ஒட்டச் சொல்லுங்கள்.

"விற்கப்போகிற வேன்தானே, எதற்கு?" என்று சிலர் நினைப்பார்கள். அப்படியானால் பெல்ட் மாற்றவில்லை என்று சொல்லி, அந்தத் தொகையைக் குறைத்து விற்கலாம். என்னிடம் விற்றவர் அப்படிச் சொல்லியிருந்தால் நான் அப்போதும் வாங்கியிருப்பேன்.

பலசரக்குக் கடைச் சகோதரருடன் வேனருகே போய் மீட்டரைப் பார்த்தோம். அவர் வாங்கிய பிறகு மட்டும் 74,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதற்கு முன் பெல்ட் எப்போது போட்டார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. என்ஜின் 3எல். வருகிற புதன்கிழமைக்குக் கராஜில் நாள் எடுத்திருக்கிறார். அதுவரை தூர ஓட்டத்துக்கு வாடகை லொறி.