மன்னார்த் தீவைச் சாய்க்கும் மூன்று பைட்டுகள்

செய்மதிப் படங்களைத் தாமே எழுதிய நிரலால் கையாள்வோர் இடறும் இடங்களுள் ஒன்று, பிட்மேப்பின் ஒரு வரிசை நினைவகத்தில் எத்தனை பைட் பிடிக்கும் என்னும் கணக்காகும். அகலத்தை ஒரு படப்புள்ளிக்குரிய பைட்டுகளால் பெருக்கினால் போதும் என்று தோன்றினாலும், விண்டோஸ் பிட்மேப்பில் ஒவ்வொரு வரிசையும் நான்கின் மடங்கில் முடிய வேண்டுமாதலால், குறையும் இடம் வரிசையின் கடைசியில் நிரப்புப் பைட்டுகளால் அடைக்கப்படுகிறது.

ஒரு படப்புள்ளி 10 மீட்டரைக் குறிக்கும் சென்டினல்-2 படத்தின் முழுக் கட்டம் 10,980 புள்ளி அகலமுடையது. 24 பிட் வண்ணத்தில் வரிசைக்கு 32,940 பைட். அது நான்கால் மீதியின்றி வகுபடுவதால், பிழையான நிரலும் சரியான படத்தையே காட்டிவிடும். அதிலிருந்து மன்னார்த் தீவை மட்டும் 2,999 புள்ளி அகலமும் 2,000 வரிசையுமாக வெட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்: தரவு 8,997 பைட், வரிசையின் உண்மையான அளவு 9,000 பைட்.

நிரப்பு ஒரு பைட்டாக இருந்தால் நீலமும் பச்சையும் சிவப்பும் இடம் மாறிக் குழம்புவதால் தவறு உடனே தெரியும். மூன்று பைட் என்பதோ சரியாக ஒரு படப்புள்ளி. எனவே கடலின் நிறம் கெடாமலே, கீழிருந்து மேலே செல்லச் செல்ல வரிசைக்கு ஒரு புள்ளி வீதம் படம் வலப்புறம் நகர்கிறது. வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிடக்கும் தீவு முன்னைவிட நிமிர்ந்து நிற்க, வலது ஓரத்தில் வெளியேறும் பெருநிலம் இடது ஓரத்தில் நுழைய, நிரப்புப் பைட்டுகள் கறுப்பு மூலைக்கோடாக ஓடுகின்றன. அக்கோட்டைக் கண்டவர் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அகலத்தைப் பிட் எண்ணிக்கையால் பெருக்கி, 31 கூட்டி, 32ஆல் வகுத்து, மீதியை விட்டு, ஈவை நான்கால் பெருக்குவதே பிழையற்ற வழி. நிலத்தையும் நீரையும் பிரித்துக் காட்டும் ஒரு பிட் படத்துக்கும் இதுவே பொருந்தும். அதே அகலத்துக்கு அங்கே 376 பைட் வரும்.

பிட்மேப்பில் குறிக்கப்படும் உயரம் நேர்க்குறியில் இருக்கையில் கோப்பின் முதல் வரிசை படத்தின் தென்விளிம்பாகும். தீவின் வடமேற்கு முனையிலுள்ள தலைமன்னார் தென்மேற்கில் தோன்றினால் வரிசைக் கணக்கைக் கிளறத் தேவையில்லை. உயரத்தின் குறியைப் பார்த்தால் போதும்.