வானொலி நிலையம் விற்பனைக்கு வந்தால்

பாலிக் புலாவ் என்னும் மலாய்ப் பெயருக்குத் தீவின் மறுபுறம் என்பது பொருள். ஜார்ஜ் டவுன் நகரத்துக்கும் இவ்வூருக்கும் இடையே மலைத்தொடர் ஒரு சுவர்போல் நிற்கின்றது. பண்பலை ஒலிபரப்பின் அலைகள் ஒளியைப்போல ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. குன்று குறுக்கிட்டால் அவை தேய்ந்து போகின்றன. ஆதலால் உயரமான இடத்தில் கோபுரம் எழுப்பி, இரவும் பகலும் மின்சாரம் செலுத்தினால்தான் மலைக்கு அப்பால் உள்ள தோட்டத்து வீட்டில் பாட்டும் செய்தியும் கேட்கும்.

காலையில் பால்மரம் சீவப் புறப்படும் நாம் வானொலியை இலவசமாகக் கேட்கிறோம். ஆனால், அது இலவசமாக நடைபெறுவதில்லை. அதன் செலவை யாரோ ஒருவர் ஏற்கத்தான் வேண்டும். ஏற்பவர் இல்லையேல், ரப்பர்த் தோட்டம் கைமாறுவதுபோல வானொலி நிலையமும் விற்பனைக்கு வருகின்றது. அவ்விற்பனை எப்படி நிகழ்கின்றது, அதனால் தொழிலாளர் நிலை என்ன ஆகின்றது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

வரவும் செலவும்

ஒரு நிலையத்தின் செலவுகளில் பெரும்பாலானவை கேட்போர் தொகையைப் பொறுத்தவை அல்ல. பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் கோபுர வாடகை, மின்கட்டணம், அறிவிப்பாளர் சம்பளம், உரிமக் கட்டணம் ஆகியவை குறைவதில்லை. பாடல்களுக்கான உரிமைத் தொகையும் செலுத்தப்பட வேண்டும். வரவோ பெரும்பாலும் விளம்பரம் ஒன்றையே நம்பியிருக்கின்றது. கடைத்தெரு வணிகம் மந்தமானால் முதலில் வெட்டப்படுவது விளம்பரச் செலவே. 2020-இல் கோவிட் தொற்றினால் கடைகள் அடைபட்டபோது இதனை உலகமெங்கும் கண்டோம். அதற்கு முன்பே விளம்பரப் பணத்தில் பெரும்பங்கு கைத்தொலைபேசிக்கும் இணையத்துக்கும் போகத் தொடங்கியிருந்தது.

இத்துடன் கடனும் சேர்ந்தால் நிலைமை முற்றுகின்றது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான நிலையங்களை வைத்திருந்த ஐஹார்ட்மீடியா 2018-இலும், அவுடசி என்னும் நிறுவனம் 2024-இலும் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடின. இரண்டுக்கும் வருமானம் இருந்தது. ஆயினும் பெருங்கடனின் வட்டி அவ்வருமானத்தை விழுங்கியது.

பினாங்கின் பழைய அனுபவம்

நம் பினாங்குக்கு இவ்விஷயம் புதிதன்று. 1934-இல் பினாங்கு வானொலிச் சங்கத்தார் இசட்.எச்.ஜே. என்ற நிலையத்தைத் தொடங்கினர். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் அது ஒலிபரப்பியது. இலாபம் கருதிய முதலாளி ஒருவருடைய நிலையமன்று அது. ஆர்வலர் சங்கம் ஒன்று கூடி நடத்திய நிலையம்.

சிங்கப்பூரில் 1937-இல் கால்டிகாட் குன்றில் நிலையம் திறந்த பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகமோ தனியார் நிறுவனம். மூன்றே ஆண்டுகளில், 1940-இல், அதனை நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. போருக்குப் பின் 1946 ஏப்ரல் 1-ஆம் நாள் ஒலிபரப்பு இலாகா அமைக்கப்பட்டது. இன்றைய மலேசிய வானொலியின் தமிழ்ப் பிரிவான மின்னல் பண்பலை அந்த வழியில் வந்ததே. அதன் செலவுக்குப் பொதுப்பணம் துணை நிற்பதால், விளம்பரம் குறைந்த மாதத்திலும் தோட்டத்துக்குத் தமிழ்ச் செய்தி வந்து சேர்கின்றது.

கம்பி வழியாக வீடுகளுக்கு ஒலி அனுப்பிய ரீடிஃப்யூஷன் சேவையைப் பினாங்கு நகரத்து முதியோர் அறிவர். கேட்போர் மாதச் சந்தா செலுத்திய சேவை அது. சிங்கப்பூரில் 1949-இல் தொடங்கிய அச்சேவை, சந்தாதாரர் குறைந்து, பண நெருக்கடிக்கு உள்ளாகி, 2012 ஏப்ரல் 30-ஆம் நாள் நின்றது. பெயர் மட்டும் பின்னர் வேறொருவர் கைக்குச் சென்றது.

இந்தியாவில் நிகழ்ந்த விற்பனை

அண்மைக் காலத்தில் நாம் கருத்தூன்றி ஆராயத்தக்கது பிக் எஃப்.எம். நிறுவனத்தின் கதை. அனில் அம்பானி குழுமத்தைச் சேர்ந்த இந்நிறுவனம் 2006-இல் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. சென்னை உட்பட 58 நகரங்களில் அதற்கு நிலையங்கள் இருந்தன. 2019-இல் ரேடியோ சிட்டி நிலையங்களை நடத்தும் நிறுவனம் 1,050 கோடி ரூபாய் மதிப்பில் அதனை வாங்க உடன்பட்டது. அந்த உடன்பாடு நிறைவேறவில்லை.

2023 பிப்ரவரியில் அந்நிறுவனம் திவால் தீர்வு நடவடிக்கைக்கு உள்ளானது. நிறுவனத்தின் நிர்வாகம், தீர்ப்பாயம் நியமித்த ஒருவர் கைக்குச் சென்றது. கடன் கொடுத்தோர் குழுவாகக் கூடி, வாங்க முன்வந்தோரின் திட்டங்களை ஒப்பிட்டனர். இறுதியில் சஃபையர் மீடியா என்னும் நிறுவனத்தின் 261 கோடி ரூபாய்த் திட்டம் ஏற்கப்பட்டது. 2024 மே மாதத்தில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு அதற்கு ஒப்புதல் வழங்கியது.

ஐந்து ஆண்டுகளில் மதிப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. கோபுரங்கள் சாயவில்லை, கேட்போர் ஒரே நாளில் மறையவுமில்லை. பின் குறைந்தது யாது? எதிர்கால வருமானத்தின்மீது இருந்த நம்பிக்கையே குறைந்தது. வானொலி நிலையத்தில் இயந்திரங்களின் விலை சிறிது. அலைவரிசையைப் பயன்படுத்தும் உரிமம், பெயர், கேட்போரின் பழக்கம் ஆகியவையே பெரிய சொத்துகள். உரிமமோ அரசாங்கத்தின் இசைவின்றிக் கைமாற இயலாதது. ஆகவே காலம் தாழ்த்துந்தோறும் விலை இறங்குகின்றது. நடக்கும்போதே விற்ற கடைக்கும் பூட்டிய பின் விற்ற கடைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

விற்ற பணம் யாருக்குச் சேரும்?

தொழிலாளராகிய நமக்கு மிக முக்கியமான கேள்வி இது. நம் நாட்டில் ஒரு நிறுவனம் கலைக்கப்படும்போது, 2016-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் பணம் வழங்கும் வரிசையை வகுத்துள்ளது. பிணையில்லாக் கடன்களில் முதலில் கலைப்புச் செலவு. அடுத்து ஊழியர் சம்பளம். கலைப்புத் தொடங்குவதற்கு முந்திய நான்கு மாத வேலைக்குரிய சம்பளம், ஒருவருக்கு 15,000 ரிங்கிட் வரை, இம்முன்னுரிமையைப் பெறும். மாதச் சம்பளமாயினும் எடைக்கணக்குச் சம்பளமாயினும் விதி ஒன்றே. ஊழியர் சேமநிதிப் பாக்கியும் முன்னுரிமைக் கடன்களில் அடங்கும்.

அடமானம் பெற்ற வங்கி, அச்சொத்தைப் பொறுத்தவரை தனி உரிமை உடையது. ஆயினும், நீதிமன்ற ஆணையின்படி வேலைத்தலம் விற்கப்படும்போது, அங்கு வேலை செய்தோரின் நான்கு மாதம் வரையிலான சம்பளப் பாக்கியைத் தீர்த்த பின்னரே அடமானக்காரருக்குப் பணம் தரவேண்டும் என்று 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் கூறுகின்றது.

நிறுவனம் மூடப்படாமல் கைமாறினால் 1980-ஆம் ஆண்டின் பணிநீக்கப் பயன் விதிகள் துணைக்கு வரும். புதிய உரிமையாளர், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத நிபந்தனைகளுடன் வேலையைத் தொடர ஏழு நாளுக்குள் முன்வரவேண்டும். முன்வராவிடில் பணிநீக்கப் பயன் உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டொன்றுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் பதினைந்து நாள். அதற்கு மேல் இருபது நாள். குறைந்தது பன்னிரண்டு மாதம் வேலை செய்திருக்க வேண்டும். 2018 முதல் நடப்பிலுள்ள சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தின் கீழும், வேலை இழந்த அறுபது நாளுக்குள் சந்தாதாரர் உதவி கோரலாம்.

ஒலிபரப்பாளருக்கும் பால்மரம் சீவுவோருக்கும் இவ்விதிகள் பொதுவானவை. எனவே சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவோம். சேமநிதிக் கணக்கில் மாதந்தோறும் பணம் சேர்கின்றதா என்று பார்ப்போம். நிலுவை சேர்ந்த பின் அழுவதைவிட முதல் மாதமே கேட்பது நன்று.

தோட்டம் கற்பித்த பாடம்

விற்பனை எனும் சொல்லின் சுமையைத் தோட்ட மக்கள் அறிவர். 1950-ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வேலையோடு வீட்டையும் இழந்தோர் பலர். அதற்கு விடையாக, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் செலுத்திய பணத்தால் 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. விற்பனைப் பொருளாக நின்றவர்கள் வாங்குவோர் ஆயினர்.

வானொலிக்கும் இது பொருந்தும். கேட்போர் சிதறி நின்றால் நிலையத்தின் விதியை விளம்பரக்காரரும் கடன்காரரும் தீர்மானிப்பர். கேட்போர் ஒன்றுகூடித் தம் தேவையை எடுத்துரைத்தால் நிலையத்தாரும் அரசாங்கமும் செவிசாய்க்க இடமுண்டு. பினாங்கில் 1934-இல் ஒரு சங்கம் தமிழ்க் குரலுக்கும் இடமளித்தது. அக்குரல் தொடர்வது நம் கேட்கும் பழக்கத்திலும் நம் ஒற்றுமையிலும் அடங்கியுள்ளது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. வானொலி நிலையத்தின் சொத்துகளில் விலை மிகுந்தவை எவை? ஏன்?
2. நிறுவனம் கலைக்கப்படும்போது ஊழியர் சம்பளம் எந்த இடத்தில் நிற்கின்றது?
3. தோட்டம் கைமாறினால், எத்தனை நாளுக்குள் புதிய உரிமையாளர் வேலையைத் தொடர முன்வரவேண்டும்?
4. நம் தோட்டத்தில் சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்போர் எத்தனை பேர்? கலந்து பேசுக.