பக்கத்துத் தரிசு: பகையின்றிச் சீர்செய்யும் முறை

மதுரை-தேனி சாலையில் உள்ள நாகமலை புதுக்கோட்டைப் பகுதியில், மனைக்கென வாங்கிப் போட்ட நிலங்கள் பல உழவின்றிக் கிடக்கின்றன. பக்கத்தில் பயிர் செய்யும் சிறு விவசாயிக்கு இதனால் ஏற்படும் நட்டம் கொஞ்சமல்ல.

பார்த்தீனியம் முளைத்த ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கும். ஒரு செடி 10,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். காற்றும் மழைநீரும் அவற்றை வரப்பு தாண்டிக் கொண்டு வரும். சீமைக் கருவேல நெற்றைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தில் அதன் விதையும் பரவும். புதர் மண்டினால் எலியும் குடியேறும்.

முதல் வேலை, சொந்தக்காரரைக் கண்டறிவது. சர்வே எண்ணைக் கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ, அரசின் இணையவழிப் பதிவேட்டிலோ பட்டாதாரர் பெயரை அறியலாம். நிலம் குத்தகையில் இருந்தால், குத்தகைதாரரை அனுப்பாமல் நிலச் சொந்தக்காரரே நேரில் சென்று பேசுவது நல்லது.

வெளியூரில் இருப்பவர் பெரும்பாலும் அஞ்சுவது, நிலம் கைவிட்டுப் போகுமோ என்றுதான். உரிமை கொண்டாடி 12 ஆண்டு அனுபவித்தவரிடமிருந்து நிலத்தை மீட்பது கடினம் என்பதை அவர் கேள்விப்பட்டிருப்பார். ஆகவே, "களை நீக்க மட்டும் அனுமதி, நிலத்தில் எனக்கு எந்த உரிமையும் இல்லை" என எழுதி இருவரும் கையெழுத்திட்டுக் கொள்ள வேண்டும். செலவை யார் ஏற்பது என்பதையும் அதிலேயே குறிப்பிடலாம்.

அனுமதி கிடைத்ததும், மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். தோல் அரிப்பு உண்டாக்கும் செடியாதலால் கையுறை அவசியம். சீமைக் கருவேலத்தை மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். அடித்தூரை வேரோடு தோண்டி எடுப்பதே பலன் தரும். ஒருமுறை செய்து விட்டுவிடாமல், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் புதிய கன்றுகளை நீக்குதல் வேண்டும்.

அனுமதியின்றித் தீ வைப்பதும், களைக்கொல்லி தெளிப்பதும் கூடாது. நியாயம் நம் பக்கம் இருந்தாலும் வழக்கு நம் மேலேயே திரும்பும்.

பேசியும் இணங்காவிட்டால், சர்வே எண், புகைப்படம், பயிர்ச் சேத விவரம் ஆகியவற்றுடன் வட்டாட்சியரிடமும் வேளாண்மை உதவி இயக்குநரிடமும் மனுக் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் முறையிடலாம். பயிரைக் கெடுக்கும் பூச்சி, நோய், களை பரவுவதைத் தடுக்க 1919-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் அரசு அறிவிக்கை செய்தவற்றுக்கே அது பொருந்தும். எனவே மனுவைக் கடைசி வழியாகக் கொண்டு, முதலில் வரப்பில் நின்று பேசிப் பார்ப்பதே சிறந்தது.