தூண்டிலில் பெரிய மீன் மாட்ட வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை தோட்டக் குளத்தில் தூண்டில் போடுகிறவர்கள், "விரல் தண்டி மீன்தான் மாட்டுது" என்கிறார்கள். காரணம் என்ன?

1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியா குளத்திலேயே வேகமாகப் பெருகும். கூட்டம் கூடினால் தீனி போதாது, மீன் வளராது. ஆகவே சின்னத் திலாப்பியாவைத் திரும்ப விடாமல் எடுத்துவிடுவோம்.

தலை பெருத்த கட்லாவும் ரோகுவும் அப்படியல்ல. அவை பொதுவாகக் குளத்தில் குஞ்சு பொரிக்காது. நாம்தான் குஞ்சு வாங்கி விடவேண்டும். சின்னது மாட்டினால் ஈரக் கையால் மெதுவாகக் கழற்றித் தண்ணீரில் விடுவோம்.

முக்கியமாக ஒன்று: மருந்து தெளிக்கிற டாங்கியைக் குளத்தில் கழுவவே வேண்டாம். அந்த நஞ்சு மீனைக் கொல்லும். அந்த மீனைத் தின்கிற நம் பிள்ளைகளுக்கும் ஆபத்து.